கூண்டுப் பறவையும் இல்லறத்தார் அறமும்



கொல்லாமை என்றவுடன் நம் எண்ணம் முதற்கண் உண்கலத்தின் மீதே செல்கிறது. புலாலை விலக்கினோம், தேனை விலக்கினோம், கதிரவன் மறைந்தபின் உண்பதைத் தவிர்த்தோம், நீரையும் வடிகட்டியே பருகுகின்றோம். இவை நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகக் கட்டிக்காத்த செல்வங்கள். இவற்றிற்கு ஈடு இல்லை. ஆயினும் அடுக்களையைக் கடந்து இல்லத்தின் முன்கூடத்திற்கு வந்தால், சில வீடுகளில் ஒரு கம்பிக் கூண்டு தொங்கக் காண்கின்றோம். அதனுள்ளே இரண்டு சிறு குருவிகள். குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கியது என்பர். வீட்டிற்கு அழகு என்பர். “நாங்கள் என்ன கொல்லவா செய்கிறோம், அன்பாகத்தானே வளர்க்கிறோம்” என்றும் கூறுவர்.

அந்த அன்பினை நாம் ஐயுறவில்லை. அன்பு மட்டும் போதுமா என்பதே கேள்வி.

கடைகளில் ‘ஃபிஞ்ச்’ என்னும் பெயரால் விற்கப்படுபவை தானியம் உண்ணும் சிறு குருவிகள். ஆஸ்திரேலிய நாட்டு வரிக்குருவியாகிய ஜீப்ரா ஃபிஞ்ச், வண்ணங்கள் மிக்க கோல்டியன் ஃபிஞ்ச், ஜாவாக் குருவி, கீழை நாடுகளில் மனிதர் பழக்கி உருவாக்கிய பெங்காலி ஃபிஞ்ச், இனிய குரலுக்காக வளர்க்கப்படும் கானரி ஆகியவை இவற்றுட் சில. நம் வயல்வெளிகளில் கூட்டமாய்ப் பறக்கும் சில்லை என்னும் தினைக்குருவியும் இவற்றின் சுற்றமே. ஒரு ஜீப்ரா ஃபிஞ்சின் எடை 10 முதல் 15 கிராம்தான். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியாது. ஆனால் ஜினாகமம் வகுத்த உயிர்வரிசையில் பறவை ஐயறிவு உயிர். உடலின் சிறுமை உயிரின் சிறுமை ஆகாது. எறும்பினுள்ளும் யானையினுள்ளும் உறைவது ஒரே தன்மையுடைய ஆன்மா என்பது நம் சமயத்தின் உறுதியான கொள்கை.

அன்னப்பார்ப்பு தந்த வினை

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியைக் கற்றோர் சீவகனின் முற்பிறப்பு வரலாற்றை மறந்திரார். அப்பிறப்பில் அவன் ஓர் அரசகுமரன். பொய்கையில் தாய் தந்தையருடன் வாழ்ந்த அன்னப்பார்ப்பு ஒன்றைக் கண்டு, அதன் அழகில் மயங்கி, அதனைப் பிடித்துக் கொணர்ந்து அரண்மனையில் வளர்த்தான். அவன் அதனைத் துன்புறுத்தவில்லை, பட்டினி போடவும் இல்லை, சீராட்டியே வளர்த்தான். செய்தியறிந்த தந்தை அச்செயலின் தீமையை எடுத்துரைத்தபோதுதான் அவனுக்குத் தன் பிழை விளங்கிற்று.

ஆயினும் வினை தன் பயனைத் தராமல் விடவில்லை. பின்னொரு பிறப்பில் அவன் சீவகனாகத் தோன்றியபோது தந்தை சச்சந்தன் போர்க்களத்தில் மாண்டான்; தாய் விசையை அவனைச் சுடுகாட்டில் ஈன்றாள்; பிறந்த அன்றே பெற்றோரைப் பிரிந்து வணிகன் இல்லத்தில் வளர்ந்தான். பறவைக் குஞ்சினை அதன் சுற்றத்தினின்று பிரித்தவன் தன் சுற்றத்தினின்று பிரிக்கப்பட்டான்.

இக்கதையில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அரசகுமரனிடம் கொடுமை இல்லை, விருப்பமே இருந்தது. அந்த விருப்பமே பறவைக்குச் சிறையாயிற்று. பொன்னால் செய்தாலும் கூண்டு கூண்டே. நம் முன்கூடத்துக் கூண்டினைப் பார்க்கும்போது இந்தப் பாடம் நினைவுக்கு வரவேண்டாமா?

ஐந்து அதிசாரங்கள்

இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தைப் பழுதுபடுத்தும் குற்றங்கள், உண்டு என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். அவை பந்தம், வதம், சேதம், அதிபார ஆரோபணம், அன்னபான நிரோதம் என்பன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பது இவற்றின் பொருள். மாடுகளையும் குதிரைகளையும் கருத்திற்கொண்டே இவை கூறப்பட்டன என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கூண்டுக் குருவிக்கு வரும் நோய்களை ஆராய்ந்தால், ஒவ்வொரு நோயின் பின்னும் இவ்வைந்தில் ஒன்று நிற்பதைக் காணலாம்.

முதலாவது பந்தம். காட்டில் வாழும் குருவி ஒரு நாளில் எத்தனையோ கிளைகளில் அமர்கிறது. தன் எச்சத்தை விட்டுப் பறந்து செல்கிறது. மீண்டும் அதன்மேல் நடப்பதில்லை. கூண்டில் அடைபட்ட குருவிக்கோ தன் எச்சத்தின் மேலேயே வாழ்க்கை. எச்சத்தின் வழியே வெளிப்படும் காக்சிடியா என்னும் நுண்ணுயிரி ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைந்து, சிந்திய தானியத்துடன் மீண்டும் அதே குருவியின் குடலுக்குள் செல்கிறது. கழிச்சல் கண்டு, நெஞ்செலும்பு கத்திபோல் துருத்த, அது மெலிந்து போகிறது. பறக்க இடமின்றிச் சில குருவிகள் கொழுத்து ஈரல் கெடுகின்றன. ஒரே பருமனான வழவழப்பான குச்சியில் எந்நேரமும் அமர்வதால் பாதங்கள் புண்படுகின்றன. நகங்கள் தேயாமல் வளைந்து வளர்ந்து கம்பியில் மாட்டிக்கொள்கின்றன. கூட்டமாய் வாழப் பிறந்த உயிரைத் தனியே அடைத்தால் அச்சமும் ஏக்கமும் அதன் நோய் தாங்கும் வலிமையைக் குறைக்கின்றன. இந்நோய்கள் தாமே வந்தவை அல்ல, பந்தத்தின் பிள்ளைகள்.

ஆகவே பறவை ஏற்கெனவே வீட்டில் இருக்குமாயின், கூண்டு உயரமாக இருப்பதினும் நீளமாக இருத்தல் வேண்டும். குருவி மேலெழுந்து பறப்பதினும் குறுக்கே பறப்பதையே விரும்பும். அடித்தட்டில் விரித்த தாளை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். பல பருமனுள்ள இயற்கையான மரக்கிளைகளை அமரும் கொம்புகளாக வைத்தல் நலம். வேம்பின் கிளையோ கொய்யாக் கிளையோ போதும்.

இரண்டாவது வதம். இவ்வளவு சிறிய உயிரை அடிப்பவர் எவருமில்லை. எனினும் கையால் அடிப்பது ஒன்றே அடியாகாது. பறவையின் மூச்சு நம் மூச்சினைப் போன்றதன்று. நுரையீரலோடு காற்றுப்பைகள் பலவும் அதன் உடலெங்கும் பரவியுள்ளன. உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் அதன் நுரையீரலில் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு இயற்கை தந்த இந்த வரமே நச்சுக்காற்றின் முன் சாபமாகி விடுகிறது. இதனையறிந்தே, 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்னறியச் சிறு விலங்குகளையும் பறவைகளையும் கொண்டுசெல்லலாம் என்றார். மனிதன் மயங்குமுன் கானரி கூண்டில் சாய்ந்து விழும். அதைக் கண்டு சுரங்கத் தொழிலாளர் தப்பி வெளியேறுவர். பிரிட்டனில் 1980களின் பிற்பகுதி வரையிலும் இவ்வழக்கம் நீடித்தது. ஓர் உயிரின் மூச்சு மற்றோர் உயிருக்கு அளவுகோலாக்கப்பட்ட வரலாறு அது.

நம் வீடுகளிலும் அத்தகைய சுரங்கங்கள் உண்டு. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை அடுப்பில் மறந்து விட்டு அது மிகுதியாகக் காய்ந்தால், அதிலிருந்து எழும் புகை நமக்குத் தலைவலி தரும் அளவில் இருக்கும்போதே கூண்டுப் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, அடர்ந்த ஊதுவத்திப் புகை, நறுமணத் தெளிப்பான், சுவர் வண்ணத்தின் நெடி ஆகியவையும் தீங்கானவை. பூசையறைப் புகை புனிதமானதாயினும் குருவியின் காற்றுப்பை அதனை அறியாது. கூண்டினை அடுக்களைக்கு அருகிலும் பூசையறைக்கு எதிரிலும் வைத்தலாகாது.

மூன்றாவது சேதம். இறகினை வெட்டிப் பறக்கவொட்டாமல் செய்வது வெளிப்படையான சேதம். அறியாமல் நிகழும் சேதமும் உண்டு. கூடு கட்டிக்கொள்ளட்டும் என்னும் நல்லெண்ணத்தால் நாம் இடும் பஞ்சும் நூலும் அதன் கால்விரலில் சுற்றி இறுகுகின்றன. இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் கறுத்து உதிர்கிறது. நூலுக்கு மாற்றாகக் குட்டையாக நறுக்கிய உலர்ந்த புல்லோ தேங்காய் நாரோ இடலாம். வளர்ந்த நகத்தை நாமே வெட்ட முற்படுவதும் இடர் தருவது. நகத்தினுள் இரத்தக்குழாய் ஓடுகிறது. இத்துணைச் சிற்றுடலுக்குச் சில துளி இரத்த இழப்பும் பேரிழப்பு. அதனைக் கால்நடை மருத்துவரிடம் விடுதல் வேண்டும்.

நான்காவது அதிபார ஆரோபணம். குருவியின் முதுகில் எவர் மூட்டை ஏற்றினார் என வினவலாம். பாரம் முதுகில் மட்டும் ஏற்றப்படுவதன்று. ஆணும் பெண்ணுமாய் அடைத்து, எந்நாளும் கூட்டுப்பெட்டியைத் தொங்கவிட்டு, குஞ்சு பொரிப்பதைக் கண்டு மகிழ்பவர், அந்தப் பெண் குருவியின் மேல் ஏற்றும் சுமையை அறிவதில்லை. ஒவ்வொரு முட்டையின் ஓட்டிற்கும் அது தன் எலும்பிலுள்ள சுண்ணச்சத்தைக் கரைத்துத் தருகிறது. இடைவிடாமல் முட்டையிட்டால் அச்சத்து வற்றிப்போகும். முட்டையை வெளித்தள்ளும் தசையும் வலுவிழக்கும். முட்டை உள்ளேயே தங்கிவிட, குருவி இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் முக்கியபடி அமர்ந்திருக்கும். முட்டையடைப்பு என்னும் இந்நிலையில் சில மணி நேரத்திற்குள் அது இறந்துவிடக்கூடும். வெதுவெதுப்பான, அரவமற்ற இடத்தில் வைத்து உடனே மருத்துவரை நாடுதலே வழி.

இதனைத் தடுப்பதோ எளிது. கூட்டுப்பெட்டியை அகற்றிவிடுதல், ஆணையும் பெண்ணையும் தனித்தனியே ஒரே பாலினத் துணையுடன் வைத்தல் ஆகிய இரண்டும் போதும். கூண்டில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் புதியதொரு பந்தம் என்பதை எண்ணினால், இனப்பெருக்கத்தை நிறுத்துவது வன்மம் அன்று, கருணையே என்பது விளங்கும்.

ஐந்தாவது அன்னபான நிரோதம். இவ்வைந்தனுள் மிக எளிதாக நிகழ்வதும், மிகப் பலரால் அறியப்படாததும் இதுவே. குருவி தினையை அப்படியே விழுங்குவதில்லை. உமியை உரித்துக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிட்டு அரிசியை மட்டும் உண்கிறது. மாலையில் கிண்ணத்தைப் பார்ப்பவருக்கு அது நிறைந்திருப்பதுபோல் தோன்றும். உள்ளே இருப்பதோ வெறும் உமி. நிறைந்த கிண்ணத்தின் முன் பட்டினியால் மடியும் குருவிகள் உண்டு. இத்துணைச் சிற்றுடலில் சேமிப்பு என்பது இல்லை. ஒரு முழுப் பகல் உணவின்றிப் போனாலே உயிர் பிரியலாம். ஆகவே நாள்தோறும் காலையில் கிண்ணத்தை ஊதி உமியைப் போக்கிப் புதுத் தினையை நிரப்புதல் வேண்டும். நீரை இருவேளையும் மாற்றுதல் வேண்டும். நாம் பருகும் வடிகட்டிய நீரையே அதற்கும் வைப்போம்.

தினை ஒன்றையே உண்டு வாழ்வதும் மறைமுகமான பட்டினியே. அதில் ஏ உயிர்ச்சத்தும் சுண்ணச்சத்தும் போதா. முருங்கைக் கீரை, கொத்தமல்லித் தழை ஆகியவற்றை நன்கு கழுவி நாளும் சிறிது தரலாம். காலை இளவெயில் சிறிது நேரம் படுமாறு வைத்தால் சுண்ணச்சத்து உடலில் சேரும். ஆனால் ஒதுங்க நிழலும் இருத்தல் வேண்டும். கடைக்காரர்கள் முட்டைத் தீனியையும் கணவாய் ஓட்டையும் பரிந்துரைப்பர். இவை நம் அறத்திற்குப் பொருந்தாதவை என்று தயங்குவோர், அதற்காகப் பறவையைச் சத்தின்றி வாட விடுதலும் ஆகாது. மருத்துவரிடம் நிலையைக் கூறினால் சுண்ணச்சத்துத் துளிமருந்தைத் தருவார். அளவறிந்து நீரில் கலந்து வைக்கலாம். நம் விரதத்தின் விலையை வாயற்ற உயிர் செலுத்தும்படி விடுதல் விரதம் ஆகாது.

மற்றொன்று. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நமக்கு நோன்பு. குருவிக்கு அது இயல்பு. இருள் கவிந்ததும் அது உறங்க வேண்டும். நள்ளிரவு வரை விளக்கும் தொலைக்காட்சி ஓசையும் உள்ள கூடத்தில் அதன் உறக்கம் கெட்டு உடலும் கெடுகிறது. மாலையில் கூண்டினை அமைதியான அறைக்கு மாற்றுதல் நலம். தீர்த்த யாத்திரைக்காகக் குடும்பத்தோடு வெளியூர் செல்வோர், நாள்தோறும் வந்து பார்க்கத்தக்க ஒருவரை ஏற்பாடு செய்தபின்பே பயணத்தைத் தொடங்க வேண்டும். கிண்ணத்தில் உமி மட்டும் எஞ்சியிருக்க, நாம் மலையேறித் தொழுவதால் பயன் என்ன?

நோயை மறைக்கும் உயிர்

பறவை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. காட்டில் தளர்ந்து தோன்றுவதே பருந்தின் கண்ணில் முதலில் படும். அதனால் இறுதி வலிமை உள்ளவரை நலமாக இருப்பதுபோலவே நிற்கும். நம் கண்ணுக்கு நோய் தெரியும் வேளையில் அது முற்றியிருக்கும். “நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று இறந்துவிட்டது” என்று பலர் கூறுவதன் காரணம் இதுவே.

ஆதலின் நுண்ணிய குறிகளை அறிதல் வேண்டும். பகலிலும் இறகைச் சிலிர்த்துப் பந்துபோல் அமர்ந்திருத்தல், கண்களைப் பாதி மூடியிருத்தல், பாட்டு நின்றுபோதல், மூச்சுக்கு ஏற்ப வால் மேலும் கீழும் ஆடுதல், அலகைத் திறந்து மூச்சுவிடுதல், எச்சம் நீர்த்துப்போதல், கொம்பை விட்டுத் தரையில் அமர்தல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடலாகாது. நோயுற்ற குருவியைத் தனிக் கூண்டில் இட்டு, ஒருபுறம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்படி அமைத்து, தண்ணீரையும் தினையையும் வாய்க்கு எட்டும் இடத்தில் வைத்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மனிதருக்கான மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தல் கொடிய தவறு. கூண்டினைத் துப்புரவு செய்தபின் நம் கைகளையும் நன்கு கழுவுதல் வேண்டும்.

மருந்தும் சிற்றுயிரும்

இங்கே நம்மவர்க்கே உரிய ஓர் ஐயம் எழுகிறது. கோல்டியன் ஃபிஞ்சுக்கும் கானரிக்கும் பெரிதும் வரும் நோய்களுள் ஒன்று காற்றுப்பைச் சிற்றுண்ணி நோய். மிகச் சிறிய உண்ணிகள் மூச்சுக்குழலிலும் காற்றுப்பைகளிலும் பெருகுகின்றன. குரல் கம்மி, மூச்சில் ‘டிக் டிக்’ என்னும் ஒலி தோன்றி, இறுதியில் மூச்சடைத்து இறக்கின்றது. தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை ஊட்டும்போதும், இருமும்போதும் இது பரவுகிறது. மருத்துவர் கழுத்துத் தோலில் இடும் ஓரிரு துளி மருந்து அவ்வுண்ணிகளை அழித்துப் பறவையைக் காக்கும்.

உண்ணியும் உயிரன்றோ? ஒன்றைக் காக்கப் பலவற்றைக் கொல்லலாமா? மருந்திடாமல் விட்டால் நாம் பாவத்தினின்று தப்பினோமா?

இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் கூடாது. இது தோன்றுகின்ற நெஞ்சமே அறமுடைய நெஞ்சம். நம் ஆசாரியர்கள் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காக வகுத்தனர். கொல்லவேண்டும் என்னும் கருத்தோடு செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். நோயுற்ற ஐயறிவு உயிருக்கு மருந்திடுபவன் கருத்து காத்தலில் உள்ளதேயன்றிக் கொலையில் இல்லை. மருந்திடாமல் விடுவதால் உண்ணிகளும் வாழ்ந்துவிடப் போவதில்லை. பறவை மாண்டால் அதனுள் வாழ்பவையும் மாளும். ஆகவே மருந்திடுதல் இல்லறத்தார்க்குக் கடமை.

ஆயினும் அது குற்றமே அற்றது என்று நெஞ்சு நிமிர்த்திக் கூறவும் இயலாது. இந்த இக்கட்டு எங்கிருந்து வந்தது? கடையில் பல கூண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதாலும், புதிய குருவியைத் தனியே வைத்துப் பாராமல் பழையவற்றோடு சேர்த்ததாலும் நோய் பரவியது. அதனை விலைகொடுத்து வாங்கியதால் நம் வீட்டிற்கு வந்தது. பந்தம் என்னும் முதற் குற்றமே உண்ணியைக் கொல்லும் இரண்டாம் குற்றத்தை ஈன்றது. ஒரு வினை மற்றொரு வினைக்கு வாயில் திறக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ஆதலின் முன்காப்பே மெய்யான அகிம்சை. துப்புரவும், கவனமும், ஒரு திங்கள் வரை தனிமைப்படுத்தலும் மருந்தின் தேவையையே குறைக்கும். கருமத்தில் விழிப்போடிருத்தலை நம் நூல்கள் யத்தனாசாரம் எனப் போற்றுவது இதனால்தான்.

விடுவித்தல் எப்போது அறமாகும்?

இவற்றைக் கேட்டபின், “அப்படியாயின் இன்றே கூண்டைத் திறந்துவிடுகிறேன்” என்று சிலர் எழக்கூடும். பொறுத்தருள்க. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த ஜீப்ரா ஃபிஞ்சுக்கு நம் நாட்டில் இரை தேடத் தெரியாது, பகையை அறியாது, சேர்ந்து பறக்கச் சுற்றமும் இல்லை. காகமோ பூனையோ விரைவில் அதனை முடித்துவிடும். தப்பினும் தன் நோயை நம் ஊர்ப் பறவைகளுக்குத் தரக்கூடும். அது விடுதலை அன்று; நம் கையைக் கழுவிக்கொள்ளுதல். அத்தகைய குருவியை நன்கு பேணினால் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை வாழும். அதன் ஆயுள் முடியும்வரை பேணுதலே நாம் தீர்க்க வேண்டிய கடன்.

நம் நாட்டுச் சில்லைகளின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைப் பிடிப்பதும், விற்பதும், வளர்ப்பதும் குற்றம். வண்ணச்சாயம் பூசி வெளிநாட்டுக் குருவி என்று விற்பவரும் உள்ளனர். அத்தகைய பறவை கைக்கு வந்துவிட்டால், நாமே ஒரு முடிவு செய்யாமல் வனத்துறையினரிடம் ஒப்படைத்தல் முறை.

மற்றொரு வழக்கம் நம் சமயத்தாரிடையே வடபுலத்தில் நெடுநாளாக உண்டு. நோன்பு நாட்களில் பறவை விற்பவரிடம் கூண்டோடு பறவைகளை விலைக்கு வாங்கி வானில் பறக்கவிடுதல் ஜீவதயை எனக் கருதப்படுகிறது. கருத்து தூயது, விளைவோ வேறு. வாங்குபவர் இருக்கிறார் என்பதை அறிந்தே வேடன் வலை விரிக்கிறான். வலையில் சிக்கிய பறவைகளுள் பல, நெரிசலிலும் தாகத்திலும் அச்சத்திலும் வழியிலேயே மடிகின்றன. எஞ்சியவற்றையே நாம் விடுவிக்கிறோம். பறந்தவற்றை எண்ணி மகிழ்கிறோம், மடிந்தவற்றை எண்ணுவாரில்லை. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் கிருத, காரித, அனுமோதனை மூன்றும் வினையைச் சேர்க்கும் என்பது நமக்குப் புதிதன்று. கடைக்காரனுக்கு நாம் நீட்டும் பணம் அடுத்த வலைக்கு நூலாகிறது.

சிவப்புச் சில்லைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அவதவத்’ என்னும் பெயர் அகமதாபாத் என்பதன் திரிபு. அந்நகர் வழியாகவே இக்குருவிகள் முற்காலத்தில் கூண்டுகளில் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. தில்வாரா ஜினாலயங்கள் விளங்கும் அபு மலையைச் சார்ந்த பகுதிகளில் வாழும் பச்சைச் சில்லையோ, கூண்டு வாணிகத்திற்காகப் பிடிக்கப்பட்டதால் இன்று அருகிவரும் இனங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. அகிம்சையின் பெயரால் புகழ்பெற்ற மண்ணிலேயே இவை நிகழ்ந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

சிறந்த ஜீவதயைக்கும் நம்மிடமே சான்று உண்டு. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரில், சாந்தினி சௌக்கின் முகப்பில் உள்ள திகம்பர ஜைன லால் மந்திரில் பறவைகளுக்கென்றே அறமருத்துவமனை ஒன்று இயங்குகிறது. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அப்பணி தலைமுறைகளைக் கடந்து நடந்துவருகிறது. நோயுற்றும் காயமுற்றும் வரும் பறவைகளுக்கு அங்கே கட்டணமின்றி மருத்துவம் செய்து, நலமடைந்தபின் வானில் பறக்கவிடுகின்றனர். ஊனுண்ணும் பறவைகளையும் புறக்கணிப்பதில்லை. அவற்றை உள்ளே தங்கவைக்காமல் புறநோயாளிகளாக வைத்து மருந்திடுகின்றனர். ஒரு கூண்டுப் பறவையை வாங்கி விடுவிக்கச் செலவிடும் பொருளை இத்தகைய மருத்துவப் பணிக்கு அளித்தால், எவ்வுயிரும் வலையில் சிக்காமலே பல உயிர்கள் பிழைக்கும்.

நம் இல்லங்கள் செய்யத்தக்கவை

அன்பர்களே! கூறியவற்றைத் தொகுத்துரைக்கின்றேன். கூண்டுப் பறவை இல்லாத வீட்டார் அதனை வாங்குவதில்லை என்று உறுதி பூணுங்கள். குழந்தை பறவையைக் காண விரும்பினால் மாடியில் ஒரு மண்சட்டியில் நீரும் ஒரு பிடி தானியமும் வைத்துக் காட்டுங்கள். வந்த பறவை பறந்துபோகும். மறுநாள் மீண்டும் வரும். தானாக வரும் உயிரை எதிர்நோக்கும் பொறுமையைவிடச் சிறந்த அறப்பாடம் குழந்தைக்கு வேறில்லை. அந்தச் சட்டியையும் நாள்தோறும் கழுவி நீர் மாற்றுங்கள்.

ஏற்கெனவே பறவை உள்ள வீட்டார் மனம் வருந்தி அமர்ந்துவிட வேண்டா. இருக்கும் உயிரை இறுதிவரை பேணுங்கள்; இனப்பெருக்கத்தை நிறுத்துங்கள்; அது தன் ஆயுளை முடித்தபின் கூண்டினை மீண்டும் நிரப்பாதீர்கள். அதுவரை காலைதோறும் உமியை ஊதி நீரை மாற்றும் அந்தச் சிறுபணியை வீட்டு வேலையாளிடம் விட்டுவிடாமல், சாமாயிகத்திற்கு நேரம் ஒதுக்குவதுபோல் நீங்களே செய்யுங்கள்.

நாள்தோறும் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம். மூவுலகத்து உயிர்களையும் எண்ணி அவ்வேண்டுதலைச் செய்யும் நாம், நான்கடி தொலைவில் கம்பிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஓருயிரை மட்டும் மறந்துவிடலாமா? முதலில் அதனிடம் வேண்டுவோம். பின்னர் அதன் கிண்ணத்தைப் பார்ப்போம்.

எவ்வுயிரும் இன்புறுக! ஜினதர்மம் ஓங்குக!